பட்டாணி இல்லாத கை

பிப்ரவரி 9

அன்புள்ள அக்காவுக்கு,

ஒரு கடைவாய்ப் பல்லைத் தவிர நான் முழுசாக நலமாக இருக்கிறேன். நீயும் அத்தானும் சிட்டுவும் எப்படி இருக்கிறீர்கள்? போனில் கேட்டுக்கொள்ளலாம் என்றால் நீ எடுப்பதில்லை. “போன்ல பேசினா பாதியிலயே வேலை இருக்குன்னு வெச்சிடுவ. லெட்டர் எழுது, அதுலேர்ந்து ஓட முடியாது” என்று ஒரு செய்தி மட்டும் அனுப்பினாய். சரி, ஓடவில்லை. அத்தானும் எடுப்பதில்லை. அவரிடமும் கொஞ்சம் சொல்லி வை. எனக்கு முதல் வேலை வாங்கித் தந்த மனிதர், இன்று என் குரலைக் கேட்க நேரம் இல்லை என்றால் எப்படி?

விஷயத்துக்கு வருகிறேன். சிட்டுவின் சின்னக் கை இப்போது பத்தாமல் போயிருக்குமே. மணிக்கட்டுக்கு மேலேயே நின்றுவிட்ட இடக்கை என்றாலும் அதுவும் வளரத்தானே செய்யும். போன முறை நான் செய்த பச்சைப் பிளாஸ்டிக் கை அவளுக்கு இந்நேரம் பொம்மைச் சட்டை மாதிரி இருக்கும். பழைய ஃபைல் கம்ப்யூட்டரில் பத்திரமாக இருக்கிறது. புது அளவுகளைப் போட்டால் போதும், மூன்றாவது கை தயார். இங்கே நான் பகலெல்லாம் இஸ்திரிப் பெட்டிக்கு மேல்கூடு வரைகிறேன். வேலை முடிந்தபின் பிளாஸ்டிக் பொருள் அச்சிடும் பிரிண்டரைப் பயன்படுத்திக்கொள் என்று எங்கள் மேலாளர் சொல்லிவிட்டார். அவருக்கு நாங்கள் வைத்த பெயர் சுத்தியல். ஆனால் சிட்டுவின் பச்சைக் கையின் படத்தைக் காட்டியதிலிருந்து அவர் என்னிடம் மட்டும் ரப்பர் சுத்தியல்.

வழக்கம்போல நான்கு இடத்தில் சுற்றளவு, அவற்றுக்கு இடையே நீளம், முழங்கை மடிப்பிலிருந்து நுனி வரை மொத்த நீளம். என்ன நிறம் வேண்டும் என்று மருமகளைக் கேட்டு எழுது.

உன் பதிலுக்கும் பல் டாக்டருக்கும் காத்திருக்கும்,
தம்பி


மார்ச் 6

அன்புத் தம்பிக்கு,

உன் பல்லைத் தவிர மற்றதெல்லாம் நலம் என்று அறிந்து மகிழ்ச்சி. கிராம்பு வை, இனிப்பைக் குறை. இங்கே எல்லாரும் சௌக்கியம்.

தையல் கடையில் பள்ளிச் சீருடை குவிந்து கிடக்கிறது. அரைக்கைச் சட்டைகளாகவே தைத்துத் தைத்து, கனவில்கூட காலர்தான் வருகிறது. உன் அத்தானுக்கு வேலை அதிகம், அதனால்தான் போன் எடுப்பதில்லை. நீ தப்பாக நினைக்காதே.

அளவு கீழே எழுதியிருக்கிறேன். சுற்றளவு முழங்கைப் பக்கத்திலிருந்து எட்டு, ஏழரை, ஏழு, நுனியில் ஆறரை. இடைவெளிகளும் மொத்த நீளமும் தனித்தாளில். எல்லாம் இஞ்ச். என் பழைய டேப்பைக் காணோம், புதிதாக வாங்கி அளந்தேன்.

நிறம் மஞ்சள். அவளுக்கு எப்போதுமே மஞ்சள்தானே பிடிக்கும். முதல் கை போட்டுக்கொண்ட அன்று பள்ளிக்கூட வாசலில் நின்று, வருகிற போகிற ஆளுக்கெல்லாம் கைகொடுத்தாளே, நினைவிருக்கிறதா? வாட்ச்மேனிடம் இரண்டு தடவை கொடுத்தாள். அதையே நினைத்துக்கொண்டிருந்தேன்.

சீக்கிரம் செய். வேளைக்குச் சாப்பிடு.

உன் அக்கா


மார்ச் 24

அன்புள்ள அக்காவுக்கு,

பல்லைப் பிடுங்கியாயிற்று. ஒரு பக்கமாக மென்றுகொண்டு எழுதுகிறேன். உங்கள் மூவரின் நலத்துக்கும் அந்த வாட்ச்மேனின் நலத்துக்கும் என் விசாரிப்பு.

ஒரு சின்னச் சிக்கல். நீ துணியில் சாக்பீஸால் கோடு போடுவாயே, அதுபோல நான் முதலில் ஸ்கெட்ச் என்று ஒன்று போடுவேன். உன் கோட்டுக்கும் என் கோட்டுக்கும் ஒரே வித்தியாசம்: என் கோட்டுக்குக் கட்டுப்பாடுகள் உண்டு. ‘நீ இவனைத் தொட்டுக்கொண்டே இரு’, ‘நீ இவனுக்கு நேராக நில்’, ‘உன் நீளம் இவ்வளவு’ என்று ஒவ்வொரு கோட்டிடமும் சொல்லி வைக்க வேண்டும். குறைவாகச் சொன்னால் கோடு நீலமாக நின்று இங்கும் அங்கும் ஆடும். சரியாகச் சொன்னால் கறுப்பாகி அடங்கும். அதிகமாகவோ முரணாகவோ சொன்னால் சிவப்பாகி, ‘இரண்டில் எதைக் கேட்க?’ என்று மறியல் செய்யும். மாமியாரும் அம்மாவும் ஒரே நேரத்தில் வேலை சொன்ன மருமகன் மாதிரி.

உன் அளவைப் போட்டதும் எல்லாம் சிவப்பு. இடைவெளிகளைக் கூட்டினால் மொத்த நீளத்தைவிடக் கால் இஞ்ச் அதிகம் வருகிறது. நீ அளந்து இப்படி ஒருநாளும் ஆனதில்லை. நூல் பிசகாத ஆளாயிற்றே. புது டேப்பின் இரும்பு முனையில்தான் ஏதோ கோளாறு என்று நினைக்கிறேன். சிட்டுவை உட்கார வைத்து இன்னொரு முறை அளந்து அனுப்பு.

அவளையே இரண்டு வரி எழுதச் சொல்லேன். எழுத்து எப்படி இருக்கிறது என்று பார்க்கிறேன்.

அன்புடன்,
தம்பி


மே 11

அன்புத் தம்பிக்கு,

பதில் தாமதம். மன்னித்துக்கொள். உடம்புக்கு ஒன்றும் இல்லை. கடையில் வேலை, வெளியிலும் அலைச்சல். நீ மெலிந்துவிடாதே, ஒரு பக்கப் பல் இருந்தாலும் சாப்பிடலாம்.

அளவில் தப்பு என்னுடையதுதான். மொத்த நீளம் ஆறே முக்கால் என்று வைத்துக்கொள். அவள் தூங்கும்போது அளந்தேன், அதனால் பிசகியிருக்கும். இப்போது கூட்டினால் சரியாக வரும், நானும் கூட்டிப் பார்த்துவிட்டேன்.

எழுத உட்கார்ந்தால் சிட்டு ஓடிவிடுகிறாள். பிறகு எழுதச் சொல்கிறேன்.

மழை இங்கே முன்கூட்டியே வந்துவிட்டது. ஜன்னல் ஓரம் வைத்திருந்த மெஷினை நகர்த்திப் போட்டேன். அறை இப்போது பெரிதாகத் தெரிகிறது.

உன் அக்கா


மே 29

அன்புள்ள அக்காவுக்கு,

அலைச்சல் என்று எழுதியிருக்கிறாய், எதற்கு என்று எழுதவில்லை. உடம்பைப் பார்த்துக்கொள். இங்கே வெயிலைத் தவிர யாரும் என்னைத் தொந்தரவு செய்வதில்லை.

ஸ்கெட்ச் கறுப்பாகிவிட்டது. முரண் போயிற்று. நேற்று அதன்மேல் மேற்பரப்பைப் போர்த்தி, சோதனை செய்து பார்த்தேன். இந்தச் சோதனையை நீ பார்த்ததில்லை. கண்ணாடி போன்ற பரப்பின்மேல் கறுப்பும் வெள்ளையுமாக வரிக்குதிரைக் கோடுகள் விழுவதுபோல் கம்ப்யூட்டர் காட்டும். பரப்பு வழவழப்பாக இருந்தால் கோடுகள் ஆற்றுநீர் மாதிரி ஒழுகும். எங்கே மேடு, பள்ளம், ஒட்டுப் பிசகு இருக்கிறதோ அங்கே கோடு முறியும். கண்ணுக்குத் தெரியாத குறையை வரிக்குதிரை காட்டிக்கொடுத்துவிடும்.

சிட்டுவின் கையில் அது எப்போதும் ஒரே இடத்தில் முறியும். நுனிக்குப் பக்கத்தில், கட்டைவிரல் இருக்க வேண்டிய பக்கத்தில் அந்த எலும்பு மேடு. ‘பட்டாணி’ என்று பெயர் வைத்தாளே, அதுதான். முதல் கையில் அதற்கு இடம் விடாமல் போட்டுவிட்டு, “மாமா, பட்டாணி அழுவுது” என்று அவள் போனில் சொன்னதை நான் மறக்கவில்லை. அதற்குப் பிறகு அங்கே ஒரு குழி விடுவேன்.

இந்த முறை கோடுகள் எங்குமே முறியவில்லை. முழங்கையிலிருந்து நுனி வரை இழைத்து வைத்த மாதிரி போகின்றன. என் இஸ்திரிப் பெட்டிக்குக்கூட இவ்வளவு நல்ல பரப்பு வந்ததில்லை. சுத்தியல் எட்டிப் பார்த்துவிட்டு, “அருமையா வந்திருக்கே” என்றார். எனக்குத்தான் என்னவோ போல் இருக்கிறது. ஒரு குறையும் இல்லாதது ஒரு குறையா என்று கேட்காதே. பட்டாணி எங்கே போயிற்று?

அன்புடன்,
தம்பி


ஜூன் 15

அன்புத் தம்பிக்கு,

நலம். உன் நலத்தைப் பற்றி எழுது.

பட்டாணி அமுங்கிவிட்டது. வளர வளரச் சதை மூடிக்கொண்டது. டாக்டரும் அப்படித்தான் சொன்னார். நீ அதற்காகத் தேங்கி நிற்காமல் செய்து அனுப்பு. வீட்டு முகவரிக்கு வேண்டாம், கடை முகவரிக்கு அனுப்பு.

உன் அக்கா


ஜூன் 30

அன்புள்ள அக்காவுக்கு,

இந்த முறை நலம் விசாரிப்பு கடைசியில் வருகிறது, கோபித்துக்கொள்ளாதே.

எலும்பு அமுங்காது, அக்கா. அது உனக்கும் தெரியும்.

பழைய கையையும் புதுக் கையையும் ஒன்றின்மேல் ஒன்றாக வைத்துப் பார்த்தேன். பழையது நிஜக் கை. ஒரு பக்கம் கொஞ்சம் உப்பி, ஒரு பக்கம் தட்டையாக, பட்டாணியோடு. புதியது எட்டு, ஏழரை, ஏழு, ஆறரை. அரை அரையாக இறங்குகிறது. நான் உன் தம்பி. பள்ளிக்கூடம் விட்டு வந்ததும் உன் மெஷினுக்குப் பக்கத்தில் உட்கார்ந்து பேப்பர் வெட்டிக் கொடுத்தவன். சட்டைக்கு ஒவ்வொரு சைஸும் அரை அரையாக ஏறுவது எனக்குத் தெரியாதா? இது கை இல்லை. உன் கடைச் சுவரில் தொங்கும் சைஸ் சார்ட்.

நீ எழுதிய கடிதங்களையும் எடுத்து வைத்துப் படித்தேன். சிட்டுவைப் பற்றி நீ சொல்வதெல்லாம் பழைய கதை. இன்று என்ன செய்தாள், என்ன கேட்டு அழுதாள், ஒன்றும் இல்லை. அவளைப் பற்றிப் பேச ஆரம்பித்தால் நீ நிறுத்தவே மாட்டாயே.

சிட்டு எங்கே? நன்றாக இருக்கிறாளா? அதை மட்டும் ஒரு வரி எழுது. நீயும் நன்றாக இருக்கிறாயா என்று கேட்கக்கூட எனக்குப் பயமாக இருக்கிறது.

தம்பி


ஆகஸ்ட் 18

அன்புத் தம்பிக்கு,

சிட்டு உயிரோடு, சுகமாக இருக்கிறாள். முதல் வரியிலேயே எழுதிவிட்டேன், மூச்சு விட்டுக்கொள். என்னோடு இல்லை, அவ்வளவுதான்.

எனக்கும் உன் அத்தானுக்கும் நாளாகவே ஒத்துப்போகவில்லை. சண்டை என்று பெரிதாக ஒன்றும் கிடையாது. இருந்திருந்தால் கேட்பவர்களுக்குச் சொல்ல ஒரு காரணமாவது இருந்திருக்கும். போன வருஷ விடுமுறைக்கு அவளைத் தன் அண்ணன் வீட்டுக்குக் கூட்டிப் போகிறேன் என்றார். பையை நானேதான் கட்டிக் கொடுத்தேன். விடுமுறை முடிந்தது, அவள் திரும்பவில்லை. அங்கேயே பள்ளியில் சேர்த்தாயிற்று என்று செய்தி வந்தது. அவருக்கு நிரந்தர வேலை, சொந்தக்காரர்கள் சூழ்ந்த வீடு. எனக்கு ஒரு வாடகை அறையும் ஒரு தையல் மெஷினும். வழக்கு முடிகிற வரைக்கும் பிள்ளை அங்கேயே இருக்கட்டும் என்று கோர்ட்டில் சொல்லிவிட்டார்கள். மாதம் ஒரு நாள் நான் போய்ப் பார்க்கலாம். ஒவ்வொரு மாதமும் சரியாக அந்த ஒரு நாளில் அவளுக்குக் காய்ச்சல் வந்துவிடுகிறது. கதவிலேயே சொல்லி அனுப்பிவிடுகிறார்கள். அதுதான் நான் சொன்ன அலைச்சல்.

உன்னிடம் ஏன் சொல்லவில்லை என்று கேட்பாய். உனக்கு அத்தான் என்றால் உயிர், அதைக் கெடுக்க வேண்டாம் என்று நினைத்தேன். போனை எடுத்தால் ‘சிட்டுகிட்ட குடு’ என்பாய், அதனால் எடுக்கவில்லை. ஆனால் முழு உண்மை அது இல்லை. பிப்ரவரியில் நீ அளவு கேட்டு எழுதினாய். அக்கம்பக்கத்தில், கடையில், கோர்ட்டில், எல்லாரும் என்னிடம் என்னென்னவோ கேட்டார்கள். அவளுடைய அளவு என்ன என்று என்னிடம் கேட்டது நீ ஒருத்தன்தான். ‘தெரியாது’ என்று எழுத எனக்குக் கை வரவில்லை. சார்ட்டில் எட்டு வயதுக்கு நேரே விரலை வைத்து ஒவ்வொன்றாக எழுதினேன். எழுதும்போது எனக்குச் சந்தோஷமாக இருந்தது, தம்பி. இந்நேரம் இவ்வளவு இருப்பாள், இந்தச் சட்டை இறுக்கும், இந்தக் கை பத்தாது என்று ஒரு மத்தியானம் முழுக்க அவளை வளர்த்துக்கொண்டிருந்தேன்.

பட்டாணியை மறந்துவிட்டேன் என்று நினைக்காதே. சார்ட்டில் அதற்கு இடம் இல்லை. நானாக ஒன்றை வைத்திருக்கலாம், வைக்க மனம் வரவில்லை. மற்றதெல்லாம் பொய்யாக இருந்துவிட்டுப் போகட்டும், அது மட்டும் அவளுடையது.

டாக்டர் சொன்னார் என்று எழுதியதும் பொய். பெற்ற தாய் பிள்ளையின் எலும்பைப் பற்றிப் பொய் சொல்கிற நிலைமைக்கு வந்துவிட்டேன். திட்ட வேண்டும் என்றால் திட்டு. ஆனால் அவரிடம் போய்ச் சண்டை போடாதே. அது அவள் தலையில்தான் விடியும்.

சாப்பிட்டுத் தூங்கு. எனக்காக அழாதே, உனக்கு உடனே ஜலதோஷம் பிடித்துவிடும்.

உன் அக்கா


செப்டம்பர் 12

அன்புள்ள அக்காவுக்கு,

அழாதே என்றாய். அலுவலகத்தில் படித்தேன். முகம் கழுவுகிற இடத்தில் போய்க் குழாயைத் திறந்துவிட்டு அழுதேன். சுத்தியல் வெளியே நின்று யாரையும் உள்ளே விடாமல் பார்த்துக்கொண்டார். ஜலதோஷமும் பிடித்தது.

சண்டை போடவில்லை. அலுவலக எண்ணிலிருந்து அழைத்தேன், அதனால் எடுத்துவிட்டார். “அத்தான், நான் எதுவும் கேட்க வரல. சிட்டுவோட கைக்கு அளவு மட்டும் வேணும்” என்றேன். அவர், “யாரையும் தொட விடமாட்டேங்கறாப்பா. டேப்பை எடுத்துக்கிட்டுப் போனாலே கதவைச் சாத்திக்கறா. அம்மாதான் அளப்பாங்கன்னு ஒரே பிடிவாதம்” என்றார். அவர் குரலிலும் தெம்பு இல்லை. அதை உன்னிடம் சொல்வதா வேண்டாமா என்று தெரியவில்லை, சொல்லிவிட்டேன். “அப்ப அவளையே அளந்து எழுதி அனுப்பச் சொல்லுங்க” என்றேன்.

அவள் அனுப்பிய தாளை இதோடு வைத்திருக்கிறேன், உனக்குத்தான். பென்சில் எழுத்து. கீழே மூன்று வரி: ‘மாமா, நானே அளந்தேன். யாரும் தொடலை. பட்டாணி அங்கயேதான் இருக்கு.’

உன் பழைய டேப் எங்கே போயிற்று என்று இப்போது தெரிந்துவிட்டது. ‘அம்மா டேப்பில் அளந்தது’ என்று மேலே தலைப்பே போட்டிருக்கிறாள்.

ஆனால் எண்களைப் போட்டால் கை உருவாகவில்லை. நீளமெல்லாம் சரியாகக் கூடுகிறது, நுனியிலிருந்து பட்டாணிக்கு உள்ள தூரத்தைக்கூட எழுதியிருக்கிறாள். சுற்றளவுதான் எல்லா இடத்திலும் மிதமிஞ்சி இருக்கிறது. முழங்கைப் பக்கம் எட்டேகால், நுனியும் பெருத்து, கை தூண் மாதிரி நிற்கிறது. பெரியவர்களின் மணிக்கட்டே அந்த நுனி அளவு வராது. எந்த அளவை நம்புவது, எந்தக் கட்டுப்பாட்டைத் தளர்த்துவது என்று தெரியாமல் உட்கார்ந்திருக்கிறேன். நீ அளக்கவேயில்லை, சார்ட்டைப் பார்த்து எழுதினாய் என்று உனக்கு எழுதிவிட்டேனே, மனசு கேட்கவில்லை. இப்போது நீதான் பார்த்துச் சொல்ல வேண்டும்.

உன் உடம்பு எப்படி இருக்கிறது? உண்மையைச் சொல்.

தம்பி


செப்டம்பர் 28

அன்புத் தம்பிக்கு,

உண்மையைச் சொல்கிறேன்: உடம்பு நன்றாக இருக்கிறது, மனசு நன்றாக இல்லை. உன் ஜலதோஷம் போயிற்றா?

அந்தத் தாளைத் தலையணைக்குள் வைத்திருக்கிறேன். ஏழாம் எண்ணை எப்போதும் தலைகீழாகப் போட்டு அப்புறம் அழிப்பாள். இப்போதும் அழித்திருக்கிறாள்.

தப்பு என்னவென்று பார்த்த உடனே தெரிந்துவிட்டது. டேப்பால் அளக்க இரண்டு கை வேண்டும். ஒரு கை முனையைப் பிடிக்க, ஒரு கை சுற்ற. அவள் முனையைப் பல்லில் கடித்துக்கொண்டு சுற்றியிருக்கிறாள். என்னைப் பார்த்துப் பழகியதுதான். ஊசியும் துணியும் கையில் இருக்கும்போது நான் டேப்பை வாயில் வைத்துக்கொள்வேன். அவளும் அப்படியே செய்வாள், ‘துரு ஏறின இரும்பை வாய்ல வைக்காதடி’ என்று திட்டியிருக்கிறேன். அந்த முனை முழுக்க அவள் பல் தடம். உதட்டிலிருந்து கை வரைக்கும் இருக்கிற இடைவெளியும் சேர்ந்து கணக்கில் வந்திருக்கிறது. அதனால்தான் எல்லாச் சுற்றும் ஒரே மாதிரி பெருத்துப்போயிற்று.

எவ்வளவு கழிப்பது என்று ஊகமாகச் சொல்லி மறுபடியும் உன்னை ஏமாற்ற மாட்டேன். கடையைப் பூட்டியபின் என் இடக்கையை முஷ்டியாக மடக்கி, டேப்பைப் பல்லில் கடித்து, வலக்கையால் சுற்றி அளந்தேன். பிறகு கடைக்காரம்மாவை விட்டு ஒழுங்காக அளக்கச் சொன்னேன். ஒன்றேகால் இஞ்ச் வித்தியாசம். திரும்பத் திரும்பச் செய்து பார்த்தேன், அதேதான். “ஏம்மா, பல்லு வலிக்கப்போவுது” என்றாள் கடைக்காரம்மா. வலிக்கத்தான் செய்தது. அவளுக்கும் வலித்திருக்கும்.

எல்லாச் சுற்றிலும் ஒன்றேகால் கழி. நீளத்தில் கை வைக்காதே. மேசையில் டேப்பை நீட்டி வைத்துக் கையை அதன்மேல் வைத்திருப்பாள், அது சரி. பட்டாணிக்கு அவள் கொடுத்த தூரமும் சரி.

கழித்துப் பார்த்தாயா? நான் பார்த்தேன். நீளத்தில் ஒரு இஞ்சுக்கு மேல் ஏறியிருக்கிறாள். முழங்கைப் பக்கச் சுற்று ஏழு. பச்சைக் கைக்கு நான் அளந்தபோதும் ஏழுதான். ஒரு நூல்கூடச் சதை போடவில்லை. நான் எட்டு என்று எழுதி அனுப்பினேனே, என் கணக்கில் அவள் அப்படி இருந்தாள். துணியாக இருந்தால் அந்த ஒரு இஞ்சை உள்ளே மடித்துத் தைத்துவிடுவேன். இதை என்ன செய்வது என்று எனக்குத் தெரியவில்லை.

சரியான அளவிலேயே செய். தளர்வாக வேண்டாம்.

உன் அக்கா


நவம்பர் 7

அன்புள்ள அக்காவுக்கு,

நான் நலம். நீ சொன்னபடி ஒன்றேகால் கழித்தேன். தூண் ஒரே நொடியில் கை ஆயிற்று. பரப்பைப் போர்த்தி வரிக்குதிரையை ஏவினேன். நுனிக்குப் பக்கத்தில், அவள் சொன்ன அதே இடத்தில், கோடுகள் முறிந்தன. முறிந்த கோட்டைப் பார்த்து இவ்வளவு சந்தோஷப்பட்ட டிசைனர் இந்த அலுவலகத்தில் நான் ஒருவன்தான் இருப்பேன். பட்டாணிக்குக் குழி விட்டு, மஞ்சள் நிறத்தில் எடுத்து, அத்தான் முகவரிக்கு அனுப்பினேன்.

போய்ச் சேர்ந்ததும் அவர் செய்தி அனுப்பினார்: ‘கச்சிதமாகப் பொருந்துகிறது. தூங்கும்போதுகூடக் கழற்ற மாட்டேன் என்கிறாள். நன்றி.’ உனக்கு எழுத உட்கார்ந்தபோது சிட்டுவின் கடிதம் வந்தது. அதையும் இதோடு வைத்திருக்கிறேன், ஆனாலும் இங்கேயே எழுதிவிடுகிறேன்:

‘மாமா, கை நல்லா இல்ல. ஒரு இடத்துல லூசா இருக்கு, ஒரு இடத்துல டைட்டா இருக்கு. எந்த இடம்னு எனக்குச் சொல்லத் தெரியல. அப்பாவுக்கும் தெரியாது. அம்மா தொட்டுப் பாத்தாதான் தெரியும். அம்மாவை டேப் எடுத்துக்கிட்டு வரச் சொல்லுங்க. அம்மாகிட்ட டேப் இல்லன்னா என்கிட்ட இருக்கு.’

முதலில் நிஜமாகவே பயந்துபோனேன். ஃபைலைத் திறந்து ஒவ்வொரு கோடாக, ஒவ்வொரு கட்டுப்பாடாகப் பார்த்தேன். பரப்பைத் திரும்பவும் சோதித்தேன். ஒரு பிழையும் இல்லை, அக்கா. லூசும் இல்லை, டைட்டும் இல்லை. பிறகுதான் மரமண்டைக்கு உறைத்தது. தாய்க்கும் பிள்ளைக்கும் ஒரே புத்தி. நீ அவளை விட முடியாமல் அளவில் பொய் சொன்னாய். அவள் உன்னை வரவழைக்க என் கையைக் குறை சொல்கிறாள்.

அவளுக்கு என்ன பதில் எழுத? ‘கை சரியாகத்தான் இருக்கிறது’ என்று எழுதினால் அவளைப் பொய்க்காரி ஆக்கியது போலாகும். ‘அம்மா வருவாள்’ என்று எழுத எனக்குத் தைரியம் இல்லை. நீ சொல்வதைத்தான் எழுதுவேன்.

உன் சாப்பாடு, தூக்கம் பற்றி எழுது. இரண்டும் இல்லை என்றால் அதையும் எழுது.

தம்பி


நவம்பர் 25

அன்புத் தம்பிக்கு,

சாப்பாடு உண்டு, தூக்கம் சுமார். உன் பல்வரிசையில் ஓட்டை விழுந்த இடத்துக்கு என்ன செய்வதாக உத்தேசம்? பெண் பார்க்கப் போனால் சிரிக்காமல் உட்கார்ந்திரு.

இந்த மாதத்து நாளில் போனேன். புது டேப்பைப் பையில் எடுத்துக்கொண்டுதான் போனேன். கதவைத் திறந்ததே உன் அத்தான்தான். காய்ச்சல் என்றார். என் முகத்தைப் பார்க்காமல் சொன்னார். “கை ஒரு இடத்துல புடிக்குதாமே, ஒரு நிமிஷம் பார்த்துட்டுப் போயிடறேன்” என்றேன். “அதெல்லாம் நல்லாத்தான் இருக்கு” என்று கதவைச் சாத்தினார். தெரு முனை வரைக்கும் வந்து நின்று பார்த்தேன். மாடி ஜன்னல் கம்பிக்கு வெளியே மஞ்சளாக ஒன்று நீட்டிக்கொண்டிருந்தது. ஆட்டவில்லை, சும்மா நீட்டியபடி இருந்தது. நான் பஸ்ஸுக்கு நடக்கிற வரைக்கும் உள்ளே போகவில்லை. காய்ச்சல்காரப் பிள்ளை எழுந்து வந்து நிற்காது, இல்லையா?

வழக்கை அடுத்த வருஷத்துக்குத் தள்ளி வைத்துவிட்டார்கள். வக்கீலம்மா நம்பிக்கையோடு இரு என்கிறாள். இருக்கிறேன்.

அவளுக்கு என்ன எழுதுவது என்று கேட்டாய். இப்படி எழுது. ‘நீ சொன்னது சரி, பிழை இருக்கிறது, எங்கே என்று நானும் அம்மாவும் தேடிக்கொண்டிருக்கிறோம்’ என்று எழுது. எந்த இடத்தில் இறுக்குகிறது, காலையிலா சாயங்காலத்திலா, எழுதும்போதா சாப்பிடும்போதா என்று கேள்வி கேள். ஒரு கடிதத்துக்கு ஒரு கேள்வி போதும், எல்லாவற்றையும் ஒன்றாகக் கேட்டுத் தீர்த்துவிடாதே. நன்றாகச் சாப்பிட்டால்தான் பிழை எங்கே என்று தெரியும், அம்மா சொல்லச் சொன்னாள் என்று எழுது. மாதாமாதம் அளந்து அனுப்பச் சொல். பல்லில் கடித்தே அளக்கட்டும், ஒன்றேகாலை நாம் கழித்துக்கொள்ளலாம். அவள் எழுதுகிற தாளை எல்லாம் எனக்கு அனுப்பு.

நீ கெட்டிக்காரன், நல்ல டிசைனர், உன் வேலையில் குறை வைக்கமாட்டாய் என்று எனக்குத் தெரியும். ஆனாலும் எனக்காக இதைச் செய். என்ன ஆனாலும், அந்தக் கை சரியாகிவிட்டது என்று மட்டும் அவளுக்கு எழுதிவிடாதே.

உன் அக்கா